வண்ணத்துப்பூச்சி தபால்தலைகள்: எதைச் சேர்ப்பது, எப்படிப் பார்ப்பது, எப்படி வைத்துக்கொள்வது

வண்ணத்துப்பூச்சி ஸ்டாம்ப் சேர்க்கலாம் என்று தோன்றியவுடன் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, "100 வெவ்வேறு வண்ணத்துப்பூச்சிகள்" என்று விற்கிற பாக்கெட் ஒன்றை வாங்குவது. தயவுசெய்து அதை மட்டும் வாங்காதீர்கள். பளபளவென்று இருக்கும், விலையும் குறைவுதான், ஆனால் பிரித்து மேசையில் பரப்பிய பிறகு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. நூறு பூச்சிகள், முப்பது நாடுகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படியே ஆல்பத்தில் செருகி வைப்பீர்கள், இரண்டு மாதத்தில் ஆல்பம் அலமாரிக்குப் போய்விடும்.

அந்தப் பாக்கெட்டில் இருப்பதில் பெரும்பகுதி சி.டி.ஓ. ரகம். அதாவது கடிதத்தில் ஒட்டப்படாமலே, சேகரிப்பாளர்களுக்கு மலிவாக விற்பதற்காக அச்சான இடத்திலேயே மொத்தமாக முத்திரை போட்டு அனுப்பியவை. கண்டுபிடிப்பது சுலபம். முத்திரை எப்போதும் ஒரே மூலையில் கால் வட்டமாக, சுத்தமாக விழுந்திருக்கும், திருப்பிப் பார்த்தால் பின்பக்கப் பசை அப்படியே இருக்கும். தபாலில் போய் வந்த ஸ்டாம்பில் பசை எப்படி மிச்சம் இருக்கும்? கூடவே, இன்று ஐக்கிய அரபு அமீரகமாக இருக்கும் சார்ஜா, அஜ்மான், உம்-அல்-குவைன், ஃபுஜைரா போன்ற சின்ன ஷேக் நாடுகளின் பெயரில் 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் மூட்டை மூட்டையாக அச்சடித்தவையும் இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுத்து விளையாடச் சொல்ல நல்லவைதான். சேகரிப்புக்கு அடித்தளமாக வைக்கவேண்டாம்.

அப்படியென்றால் எங்கே தொடங்குவது? என் பதில் ஒன்றுதான்: நீங்கள் கண்ணால் பார்த்த பூச்சியிலிருந்து தொடங்குங்கள். வீட்டு வாசல், மொட்டைமாடித் தொட்டி, பஸ் ஸ்டாப் பக்கத்து எருக்கஞ்செடி, எங்கே பார்த்தாலும் சரி. ஐந்தாறு வண்ணத்துப்பூச்சிகளை இன்னது என்று உறுதியாக அடையாளம் தெரிந்துகொண்டு, அதே பூச்சி உலகத்தில் எந்தெந்த நாட்டு ஸ்டாம்பில் வந்திருக்கிறது என்று தேடுங்கள். நம் ஊரில் சாதாரணமாகப் பறக்கிற பல இனங்கள் பல நாடுகளில் பறக்கின்றன. வெந்தய வரியன் ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறது, ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா பக்கம் வரை அதுவோ அதன் நெருங்கிய உறவோ இருக்கிறது. எலுமிச்சை அழகி வளைகுடாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை பரவியது, 2004ல் கரீபியனில் டொமினிக்கன் குடியரசுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டக்காரர்களுக்கு அது ஒரு கவலை. இந்த மாதிரி ஒரு பூச்சியை எடுத்துக்கொண்டு நாடு நாடாகத் தேடும்போது, ஒவ்வொரு ஸ்டாம்ப் கிடைக்கும்போதும் அதை முந்தையதோடு ஒப்பிடலாம், ஓவியர் சரியாக வரைந்தாரா என்று நீங்களே சொல்லலாம், ஏனென்றால் அசல் உங்களுக்குத் தெரியும். பாக்கெட் வாங்கினால் இது கிடைக்காது.

பூச்சியை அடையாளம் காணத் தமிழிலேயே கையேடுகளும் படங்களும் இப்போது நிறைய வந்துவிட்டன, தமிழ்ப் பெயர்களும் ஓரளவு நிலைபெற்றுவிட்டன. 2019ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்த பிறகு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் ஸ்டாம்ப் தேடுவதற்கு அறிவியல் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கேட்டலாக்கிலோ இணையத்திலோ தேட முடியாது. எலுமிச்சை அழகி என்றால் பாபிலியோ டெமோலியஸ், வெந்தய வரியன் என்றால் டனாவுஸ் கிரிசிப்பஸ், நீல அழகி என்றால் பாபிலியோ பாலிம்னெஸ்டர். தேடுவதற்கு கோல்னெக்ட் தளம் போதும், இலவசம், அதில் பூச்சியின் பெயரைப் போட்டால் எந்த நாடு, எந்த ஆண்டு, என்ன மதிப்பு என்று படத்தோடு வந்துவிடும்.

முதல் வேலைக்கு ஏற்ற வரிசை: மலேசியா, 1971

யார் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான். மலேசியாவில் நாடு முழுக்க ஒரு தபால் துறை என்றாலும், குறைந்த மதிப்பு ஸ்டாம்புகளை ஒவ்வொரு மாநிலத்தின் பெயரிலும் தனித்தனியாக வெளியிடுவார்கள். 1971 பிப்ரவரியில் வந்த வரிசை முழுக்க வண்ணத்துப்பூச்சி. 1, 2, 5, 6, 10, 15, 20 காசு என்று ஏழு மதிப்புகள், ஏழு பூச்சிகள். இதே ஏழும் 13 மாநிலங்களுக்கும்: ஜொகூர், கெடா, கிளந்தான், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், பினாங்கு, பேராக், பெர்லிஸ், சபா, சரவாக், சிலாங்கூர், திரங்கானு. மொத்தம் 91 ஸ்டாம்ப். சுல்தானோ ராஜாவோ இருக்கும் மாநிலம் என்றால் மூலையில் அவர் படம், ஆளுநர் மட்டும் இருக்கும் மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் என்றால் மாநிலச் சின்னம்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், ஏழில் நான்கு பூச்சிகளைத் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். 6 காசு எலுமிச்சை அழகி. 10 காசு ஹெபோமோயா கிளாசிப்பே, வெள்ளை இறக்கையின் நுனியில் ஆரஞ்சு பூசியதுபோல் இருக்கும் பெரிய பூச்சி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் வேகமாகப் பறந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், இறக்கையை மூடி உட்கார்ந்தால் காய்ந்த இலை. 15 காசு நீல வசீகரன், வறண்ட வெட்டவெளித் தரையில் இறக்கையை விரித்து உட்காருமே, அதுதான். 5 காசு கிளிப்பர், மலைக்காட்டு ஓரத்துப் பூச்சி. மீதி மூன்றில் 20 காசில் இருப்பது, நம் ஊரில் பறக்கும் காமன் வாண்டரருக்கு நெருங்கிய உறவு, ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே இனமாகவே வைத்திருந்தார்கள்.

அடுத்தது, இது நம் வீடுகளிலேயே கிடைக்க வாய்ப்புள்ள வரிசை. சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் மலேசியாவில் உறவு இல்லாத ஊர் குறைவு. ரஜுலா, எம்.வி. சிதம்பரம் கப்பல்கள் அங்கே ஓடிய காலத்தில் வந்த கடிதங்கள் இன்னும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்பத்தா, சித்தப்பா வீட்டுப் பெட்டியைத் திறக்கும்போது ஒரே ஒரு விதி: ஸ்டாம்பைக் கிழிக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். உறை முழுசாக இருந்தால் எந்த ஊர் அஞ்சலகத்தில் எந்தத் தேதியில் போட்டது என்பது முத்திரையில் இருக்கும். சுங்கை சிப்புட், கிள்ளான், தெலுக் அன்சன் என்று முத்திரை படித்துக்கொண்டே போகலாம், தோட்டத்தில் வேலை பார்த்த உங்கள் தாத்தா எந்த அஞ்சலகத்துக்கு நடந்து போய்க் கடிதம் போட்டார் என்பது அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. கத்தரித்து எடுத்த 10 காசு ஸ்டாம்பு எங்கும் கிடைக்கும், இந்த உறை ஒன்றுதான் இருக்கிறது. இணையத்தில் படம் போடுவதாக இருந்தால் விலாசத்தை மறைத்துவிட்டுப் போடுங்கள், அந்த வீட்டில் இன்னும் யாராவது இருக்கலாம்.

இந்த வரிசையை லென்ஸ் வைத்துப் பார்க்க ஒரு காரணமும் இருக்கிறது. 1971ல் வந்தவை லித்தோ முறையில் பிராட்பரி வில்கின்சன் அச்சகத்தில் அச்சானவை. 1977 வாக்கில் சில மதிப்புகளை அதே படத்தோடு ஹாரிசன் அச்சகத்தில் போட்டோகிராவூர் முறையில் மறுபடி அச்சடித்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். லித்தோவில் எழுத்தின் விளிம்பு நேராக, வெட்டினாற்போல் இருக்கும். கிராவூரில் எழுத்து உட்பட எல்லாமே சின்னச் சின்னக் குழிகளில் மை நிரப்பி அச்சாவதால் விளிம்பு ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாகத் தெரியும். ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் அதன் பிறகு சந்தேகமே வராது. கையில் நிறைய இருந்தால் மாநிலம், மதிப்பு, அச்சு முறை என்று மூன்றாகப் பிரித்து அடுக்குங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போவதே தெரியாது.

அப்புறம், மலேசியா என்று வந்துவிட்டதால் 1950ஐயும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு சரவாக் வெளியிட்ட 1 சென்ட் ஸ்டாம்பில் ராஜா புரூக் பொன்சிறகுப் பூச்சி இருக்கிறது. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1855ல் சரவாக்கின் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் பெயரை வைத்த அதே பூச்சி, இன்றைக்கு மலேசியாவின் தேசிய வண்ணத்துப்பூச்சி. இன்ன இனம் என்று சொல்லும்படி ஒரு வண்ணத்துப்பூச்சியையே மையமாக வைத்து வந்த ஸ்டாம்புகளில் மிகப் பழையவற்றில் இது ஒன்று. ஒரே நிற அச்சுதான், ஆனால் அந்த ஜார்ஜ் மன்னர் காலத்துச் செதுக்கு வேலைக்காகவே ஒன்று வைத்துக்கொள்ளலாம். சிலர் இதைவிடப் பழையது என்று 1890களின் தொடக்கத்து ஹவாய் ஸ்டாம்பைக் காட்டுவார்கள். அதில் லிலியுவோகலானி ராணியின் கூந்தலில் வண்ணத்துப்பூச்சி வடிவ நகை ஒன்று இருக்கிறது. நகையைப் பூச்சியாக எண்ணிக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம், நான் எண்ணமாட்டேன்.

இலங்கையும் இந்தியாவும்

இலங்கை 1978ல் வெளியிட்ட நான்கு ஸ்டாம்பு வரிசையைக் கட்டாயம் தேடுங்கள். இலங்கை ஸ்டாம்புகளில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கும் என்பதால் ஆல்பத்தைத் திறக்கிற குழந்தைகூட "இலங்கை" என்று படித்துவிடும். 25 சதத்தில் இலங்கைப் பொன்சிறகுப் பூச்சி, 50 சதத்தில் ஆங்கிலத்தில் தமிழ் லேஸ்விங் என்று அழைக்கப்படும் பூச்சி, 5 ரூபாயில் நீல ஓக்லீஃப், 10 ரூபாயில் நீல அழகி. நீல அழகி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற பூச்சி, மகாராஷ்டிரம் 2015ல் அதைத்தான் மாநிலப் பூச்சியாக எடுத்துக்கொண்டது. கருப்பில் அகலமாக வெளிர்நீலம் பூசிய இறக்கையோடு அது தோட்டத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தமிழ் லேஸ்விங் இலங்கையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பறப்பது, இப்போது சிலர் மலைப் பக்கத்து வகையைத் தனி இனமாக வைக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் கற்றுக்கொள்ளலாம். ஸ்டாம்பில் அச்சிட்டிருக்கும் அறிவியல் பெயர் அது வெளியான ஆண்டின் பெயர், இன்றைய பெயர் அல்ல. இலங்கைப் பொன்சிறகுப் பூச்சியை முன்பு வேறொரு இனத்தின் கிளையினமாக வைத்திருந்தார்கள், இப்போது ட்ராய்டெஸ் டார்சியஸ் என்று தனி இனம். மலேசியாவின் 15 காசுப் பூச்சி அப்போது பிரெசிஸ், இப்போது ஜுனோனியா. ஆகவே ஆல்பத்தில் இரண்டு பெயரையும் எழுதுங்கள், முதலில் ஸ்டாம்பில் இருப்பது, அடுத்து இன்றைய பெயர். தேடும்போதும் இரண்டு பெயரையும் போட்டுத் தேடினால்தான் முழுசாகக் கிடைக்கும்.

இந்தியாவில் முக்கியமான வரிசை 1981 அக்டோபரில் வந்தது. 35 பைசா, 50 பைசா, 1 ரூபாய், 2 ரூபாய் என்று நான்கு. இதில் நார்தர்ன் ஜங்கிள் குயின், ரெட் லேஸ்விங், 2 ரூபாயில் கைசர்-இ-ஹிந்த் எல்லாம் வடகிழக்கு, இமயமலைப் பக்கத்துப் பூச்சிகள். கைசர்-இ-ஹிந்தை 2021ல் அருணாசலப் பிரதேசம் மாநில வண்ணத்துப்பூச்சியாக ஏற்றது, ஆக அந்த 2 ரூபாய் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் எழுத ஒரு செய்தி சேர்ந்துவிட்டது. 2008 ஜனவரியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கே உரிய வண்ணத்துப்பூச்சிகள் என்று 5 ரூபாய் ஸ்டாம்பு நான்கும், ஸ்டாம்புகளை அலங்கார ஓரத்தோடு அச்சிட்ட சின்னத் தாளான மினியேச்சர் ஷீட்டும் வந்தன. இரண்டு வரிசையும் விலை அதிகமில்லை, வெளியான அன்றைய முத்திரை போட்ட முதல் நாள் உறையும் தகவல் தாளும் சேர்ந்து கிடைத்தால் அதையே வாங்குங்கள், தகவல் தாளில் அச்சான எண்ணிக்கை, அச்சகம், வடிவமைத்தவர் எல்லாம் இருக்கும்.

புதிதாக வருபவற்றுக்கு அஞ்சல் துறையின் பிலாட்டலி (தபால்தலை சேகரிப்பு) கணக்கு திறந்துகொள்வது நல்லது. கொஞ்சம் பணம் கட்டி வைத்தால் வெளியாகும் ஸ்டாம்புகள் வீட்டுக்கே வரும். சென்னையில் அண்ணா சாலை தலைமை அஞ்சலகத்தில் பிலாட்டலி பீரோ இருக்கிறது. பழையவற்றுக்கு தென்னிந்திய பிலாட்டலிஸ்ட் சங்கம் மாதிரி சங்கக் கூட்டங்களுக்குப் போவதுதான் சிறந்த வழி, இணையத்தில் பத்து படம் பார்ப்பதைவிட ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஸ்டாம்புகளைச் செருகி வைத்திருக்கும் ஸ்டாக் புக்கைப் புரட்டுவது மேல். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு அஞ்சல் துறை 2017ல் தொடங்கிய தீன் தயாள் ஸ்பர்ஷ் உதவித்தொகைத் திட்டத்தைப் பற்றியும் விசாரியுங்கள்.

படத்தைப் படிப்பது

ஸ்டாம்பில் போட்டிருக்கும் பெயரை அப்படியே நம்பிவிடாமல் பூச்சியை நீங்களே பாருங்கள். நல்ல பயிற்சிக்கு ஒரு ஜோடி சொல்கிறேன். வெந்தய வரியன் எருக்கு இலையைத் தின்று வளர்வது, அந்தப் பாலின் நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் தொடாது. டனாய்ட் எக்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் பெண், நஞ்சே இல்லாமல், அச்சு அசலாக வெந்தய வரியன் வேடம் போட்டுத் திரியும். இரண்டுமே ஆப்பிரிக்கா, ஆசியா என்று பரவியவை, இரண்டுமே ஸ்டாம்புகளில் வருபவை. பின் இறக்கையைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு நடுப்பகுதியில் கருப்புப் புள்ளிகள் மூன்றோ நான்கோ இருக்கும், ஆணுக்கு நான்கு, பெண்ணுக்கு மூன்று. வேடக்காரிக்கு மேல் ஓரத்தையொட்டி ஒரே ஒரு புள்ளிதான். ஸ்டாம்பின் அளவில் இது குண்டூசித் தலையளவு கூட இருக்காது, லென்ஸ் இருந்தால் பளிச்சென்று தெரியும். இதை ஒரு தடவை பிடித்துவிட்டால் ஓவியர் எதைப் பார்த்து வரைந்தார் என்று கேட்கத் தோன்றும்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு வழியிலும் விடை கிடைக்கும். இறக்கை நான்கும் தட்டையாக விரிந்து, முன் இறக்கையின் கீழ் ஓரம் உடம்புக்கு நேர் செங்குத்தாக நிற்கிறதா? அது அருங்காட்சியகத்தில் ஊசி குத்திக் காயவைத்த மாதிரியைப் பார்த்து வரைந்தது. உயிரோடு இருக்கும் பூச்சி அப்படி உட்காராது. 1950, 60களின் ஸ்டாம்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பிறகு வந்தவற்றில் பூவின்மேல், இறக்கை பாதி மூடி, தலைகீழாகத் தொங்கி என்று உயிருள்ள நிலைகள் கூடுகின்றன. பிரிட்டனின் 1981 வரிசையில் கோர்டன் பெனிங்ஃபீல்ட் வரைந்த நான்கையும் பாருங்கள், புல்லும் பூவும் வெளிச்சமும் சேர்ந்த இடத்தில் பூச்சி இருக்கிறது. அதில் 18 பென்ஸ் ஸ்டாம்பில் இருப்பது லார்ஜ் புளூ. அந்தப் பூச்சி 1979லேயே பிரிட்டனில் அற்றுப்போய்விட்டது. அதன் புழு ஒரு குறிப்பிட்ட சிவப்பு எறும்பின் புற்றுக்குள் போய்த்தான் வளரும், மேய்ச்சல் குறைந்து புல் உயரமானதும் அந்த எறும்பு போனது, எறும்போடு பூச்சியும் போனது. இல்லாத பூச்சிக்கு ஸ்டாம்பு வந்த கதை அது. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து மறுபடி விட்டார்கள், இப்போது இருக்கிறது. இந்த ஒரு ஸ்டாம்புக்கு ஒரு முழுப் பக்கம் எழுதலாம்.

ஏன் இந்தப் பூச்சி, ஏன் இந்த ஆண்டு என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். அமெரிக்கா 2010ல் மோனார்க் பூச்சியை 64 சென்ட் மதிப்பில் போட்டது அழகுக்காக மட்டுமல்ல. இயந்திரத்தில் போகாத சதுர வாழ்த்து அட்டைகளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்துக்குரிய ஸ்டாம்பு வண்ணத்துப்பூச்சிப் படம் போட்டது என்று மக்களுக்குச் சுலபமாகத் தெரியட்டும் என்று ஏற்பாடு. அட்டை விற்கிறவர்களும் உறையில் வண்ணத்துப்பூச்சி நிழலுருவை அச்சிட்டார்கள். பப்புவா நியூ கினி 1988ல் வெளியிட்டதில் பாண்டா சின்னம் இருக்கும், உலகிலேயே மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சியான குயின் அலெக்சாண்ட்ரா பொன்சிறகுப் பூச்சிக்காக உலக வனவிலங்கு நிதியத்தோடு சேர்ந்து வெளியிட்டது. ஜப்பானில் 1956ல் 75 யென் ஸ்டாம்பில் ஓமுராசாகி வந்தது, மறு வருடமே அங்கத்திய பூச்சியியல் சங்கம் அதைத் தேசிய வண்ணத்துப்பூச்சியாகத் தேர்ந்தெடுத்தது.

போலி நாடுகள், போலி ஷீட்டுகள்

வண்ணத்துப்பூச்சி விற்கும் என்பதால் இந்தப் பொருளில் கள்ள அச்சு அதிகம். பெரும்பாலும் பழைய ஸ்டாம்பைப் போலவே அச்சடிப்பதல்ல, ஒரு நாடு வெளியிடவே வெளியிடாததை அந்த நாட்டின் பெயரில் அச்சடித்து விற்பது. ஆறோ ஒன்பதோ ஸ்டாம்பு உள்ள ஷீட், மேலே வண்ணத்துப்பூச்சி, மூலையில் சாரணர் சின்னமோ ரோட்டரி சின்னமோ, பெயர் ஏதோ ஓர் ஆப்பிரிக்க நாடு அல்லது ரஷ்யக் கூட்டாட்சிக்குள் இருக்கிற ஒரு குடியரசு. இப்படி இருந்தால் நிதானியுங்கள். சர்வதேச அஞ்சல் ஒன்றியம் 2002ல் இருந்து உறுப்பு நாடுகள் முறையாகப் பதிவு செய்யும் ஸ்டாம்புகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் தேடிப் பாருங்கள். எல்லா நாடுகளும் எல்லாவற்றையும் பதிவு செய்வதில்லை என்பதால் அதில் இல்லை என்பதே போலி என்று ஆகாது, ஆனால் கேள்வி கேட்கக் காரணம் போதும். சீனா 1963ல் வெளியிட்ட 20 ஸ்டாம்பு வண்ணத்துப்பூச்சி வரிசை மாதிரி விலை உயர்ந்தவற்றை, தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லாமல் வாங்கவேண்டாம்.

கழற்றுவது, காயவைப்பது, காப்பது

சாதாரண உறையில் இருக்கும் சாதாரண ஸ்டாம்பைக் கழற்ற, சுற்றிலும் ஒரு விரல் அளவு காகிதம் விட்டு வெட்டி, ஆறின தண்ணீரில் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிடுங்கள். கால் மணி நேரத்தில் தானாக நழுவும், நழுவாவிட்டால் இன்னும் காத்திருங்கள், இழுக்காதீர்கள். பின்பக்கத்துப் பசையை விரலால் மெதுவாகத் தடவிக் கழுவிவிட்டு, அச்சில்லாத வெள்ளைத் தாளில் முகம் கீழே இருக்கும்படி காயவைத்து, முக்கால் காய்ந்ததும் தடித்த புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். சிவப்பு, பச்சை உறையில் இருந்து வெட்டியதை மற்றவற்றோடு ஒரே பாத்திரத்தில் போடாதீர்கள், உறையின் சாயம் இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். ஸ்டிக்கர் மாதிரி ஒட்டும் புது ஸ்டாம்புகள், முக்கியமாக அமெரிக்காவின் கடந்த இருபது வருடத்தவை, தண்ணீரில் வராது. காகிதத்தோடு அளவாக வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டான் 1968ல் வெளியிட்ட முப்பரிமாண வண்ணத்துப்பூச்சிகள் கிடைத்தால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அது பிளாஸ்டிக் மேல்தளம் கொண்டது. சாய்த்தால் பூச்சி அசைவதுபோல் இருக்கும், பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்லது கிடையாது.

நம் ஊர் வெப்பமும் ஈரமும்தான் பெரிய எதிரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் பசையுள்ள புது ஸ்டாம்பு தானாகவே ஆல்பத்தில் ஒட்டிக்கொள்ளும், இரண்டை முகமும் முதுகுமாக வைத்தால் இரண்டும் போச்சு. ஸ்டாக் புக்கைப் படுக்கவைத்து அடுக்காமல் நூலகத்தில் நிற்பதுபோல் நிற்கவையுங்கள், வெளிச்சுவரையொட்டிய அலமாரியில் வேண்டாம், டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு நிறம் மாறும்போது மாற்றுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை வெயில் நேரடியாகப் படாத காற்றோட்டமான இடத்தில் பக்கங்களை விரித்து வைத்தால் போதும். துரு மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்த ஸ்டாம்பைக் கண்டால் உடனே தனியாக எடுத்துவிடுங்கள், அது பூஞ்சை, பக்கத்துக்குப் பரவும். ராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், அதனால் பழைய உறைகளை வாங்கி வந்தவுடன் நேராக மற்றவற்றோடு சேர்க்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் சில நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். கையால் எடுக்காதீர்கள், முனை தட்டையான ஸ்டாம்ப் இடுக்கி வாங்கிக்கொள்ளுங்கள், புருவ இடுக்கி ஸ்டாம்பின் பல் பல்லான ஓரத்தைக் கடித்துவிடும். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் மையை உறிஞ்சும், ஸ்டாம்புக்கென்று செய்த ஸ்டாக் புக்கே நல்லது.

பக்கம் எழுதுவது

ஏ4 தாள் ஒன்றில் ஒரு பூச்சி. மேலே தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், நீங்கள் அதைப் பார்த்த இடம். நடுவில் ஸ்டாம்புகள், நாடு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ. கீழே அதன் புழு தின்னும் செடி. எலுமிச்சை அழகி என்றால் எலுமிச்சை, நாரத்தை குடும்பம், வெந்தய வரியன் என்றால் எருக்கு. அந்தச் செடியும் ஏதாவது ஸ்டாம்பில் வந்திருந்தால் அதையும் சேருங்கள், புழு, கூட்டுப்புழு இருக்கும் ஸ்டாம்பு கிடைத்தால் விடாதீர்கள், முழு வாழ்க்கையும் ஒரே தாளில் வந்துவிடும். எழுத்து நான்கைந்து வரிக்கு மேல் வேண்டாம், ஸ்டாம்புதான் பேசவேண்டும். கண்காட்சிக்கு அனுப்ப ஆசை வந்தால், இந்த மாதிரி 16 தாள் சேர்ந்தது ஒரு சட்டகம், ஒற்றைச் சட்டகப் போட்டிகளும் உண்டு. அங்கே ஸ்டாம்பு மட்டும் இருந்தால் மதிப்பெண் குறைவு. பூச்சிப் படமுள்ள சிறப்பு முத்திரை, அஞ்சல் அட்டை, ஏரோகிராம், நிஜமாகத் தபாலில் போன உறை என்று கலந்து இருந்தால்தான் நடுவர் நின்று பார்ப்பார்.

மேக்சிமம் கார்டு ஒன்றிரண்டு சேருங்கள், அது இந்தப் பொருளுக்கென்றே செய்தது போலிருக்கும். பூச்சியின் படம் உள்ள அஞ்சல் அட்டை, அதே பூச்சியின் ஸ்டாம்பு படப் பக்கத்திலேயே ஒட்டி, அதற்குப் பொருத்தமான ஊர் அஞ்சலக முத்திரை. மூன்றும் ஒத்துப்போகவேண்டும். ஸ்டாம்பில் இருப்பதையே பெரிதாக்கி அட்டையில் அச்சடித்ததைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், வேறு புகைப்படம் உள்ள அட்டையாக இருக்கவேண்டும். முத்திரை போட அஞ்சலகத்துக்கு மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள், காலையில் கூட்டம் இருக்கும். அட்டைக்கு அடியில் வைக்க ஒரு மெத்தென்ற ரப்பர் விரிப்பு கொண்டுபோய், முத்திரை பாதி ஸ்டாம்பிலும் பாதி அட்டையிலும் விழவேண்டும் என்று பொறுமையாகச் சொன்னால், கவுண்டரில் இருப்பவர் பெரும்பாலும் முதலில் ஒரு வெற்றுத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் உங்கள் அட்டையில் போடுவார்.